பன்னிரண்டு எழுத்து

பாஸ்போர்ட் புதுப்பிக்க உட்கார்ந்திருக்கிறோம்
நானும் அம்மாவும். டோக்கன் அறுபத்தி மூன்று.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட் முடிந்து
நேரே வந்திருக்கிறாள்,
கையில் இன்னும் பினாயில் வாசம்.
என் இடது முழங்காலில் நீலப் பட்டை.

படிவத்தில் அதே கட்டம் மறுபடி கேட்கிறது:
குடும்பப் பெயர்.
எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது.
பத்தொன்பது வயதில்
இந்திய அணியோடு பாங்காக் போகும் அவசரத்தில்
முருகன்குறிச்சி ஜெராக்ஸ் கடைக்காரர்
யோசிக்காமல் நிரப்பினார்:
சுடலைமுத்து.

அன்றிலிருந்து அவர்தான் என் முதுகு.

கங்கைகொண்டானில் லோடு இறக்கிவிட்டு வருகிறேன்
என்று போனார், எனக்கு ஆறு வயசில்.
லாரி திரும்பி வந்தது.

லிதுவேனியாவில் ஒரு சின்ன ஊர்.
வெளியே மைனஸ் பதினான்கு,
உள்ளே இரண்டாயிரம் பேர்,
நாங்கள் ஒரு புள்ளி பின்னால்.
மூலையிலிருந்து நான் எறிந்தது
வளையத்தைத் தொடாமல் இறங்க
அறிவிப்பாளன் இழுக்கிறான்:
சூ… டா… லாய்… மூத்தூ!
பீர் கோப்பையோடு எழுந்து
ஊரே கூவுகிறது
இந்தப் பக்கம் கடன்காரர்கள் தவிர
யாரும் தேடாத ஒரு ஆளை.

முப்பிடாதி என்பது அங்கே ஒற்றை எழுத்து.
பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு
நம் ஊரில் அப்பன் நிற்கிற இடத்தில்
நான் நிற்கிறேன்.

பாளையங்கோட்டையில் நான் பழகிய சிமெண்டுத் தரையில்
ப்ரீ த்ரோ கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு வெடிப்பு.
பந்து அதில் பட்டால் எங்கே துள்ளும் என்று
பந்துக்கே தெரியாது.
கோன்யாவில், கண்ணாடிபோல மெழுகிய மரத்தளத்தில்,
கோச் ஆட்டத்தை நிறுத்திக் கேட்டாள்:
அந்த ஒரு இடத்தை மட்டும்
ஏன் சுற்றிப் போகிறாய்?
துருக்கியில் வெடிப்புக்கு என்ன வார்த்தை
என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கேதான் உடுப்புக்காரனிடம் கேட்டேன்,
முதுகில் அம்மா பெயர் போட முடியுமா என்று.
ஆவுடைத்தங்கம்.
விரல் விட்டு எண்ணினான். பதின்மூன்று.
இதற்கே தோள் போதவில்லை என்று சிரித்தான்.
பிறகு சிரிக்காமல்,
பாஸ்போர்ட்டில் உள்ளதுதான், விதி, என்றான்.
ஷூவின் நாக்கில் மார்க்கரால் தமிழில் எழுதிக்கொண்டேன்.
இரண்டு மேட்சில் வேர்வை தின்றுவிட்டது.

அப்புறம் முட்டி.
அப்புறம் பெஞ்சில் ஏழு வாரம்.
அப்புறம் ஒரு கிளப் கதவை மூட, வர வேண்டிய
இரண்டு மாதச் சம்பளம் அதோடு போயிற்று.
இப்போது பல்கேரியாவிலிருந்து ஒரு ஒப்பந்தம்,
பத்து மாதம், ஒரே அறையில் இரண்டு பேர்.
எனக்கு இருபத்தி ஒன்பது வயது.
இதுவே கடைசியாக இருக்கலாம்.

"இந்தத் தடவை மாத்திருவோம்மா," என்கிறேன்.
"உன் பேரைப் போடுவோம்.
ஒரு அபிடவிட், பேப்பர்ல ஒரு விளம்பரம்,
மூணு வாரத்துல முடிஞ்சிரும்."

அவள் என்னைப் பார்க்கவில்லை,
டோக்கன் எண் ஓடுகிற பலகையைப் பார்க்கிறாள்.
"மாத்தாதட்டி."
"ஏன்?"
"இருவத்தி மூணு வருசம்
அந்த ஆளு ஒத்த ரூவா குடுக்கல.
இப்பம் மாசா மாசம்
அவன் பேருலதான பேங்குல வந்து விழுது?
விழட்டும்."

பக்கத்து நாற்காலியில்
சவூதிக்குப் போகிற மேலப்பாளையம் பையன்
சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை நோண்டுகிறான்.

அறுபத்தி மூன்று.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
யாரோ பெயரையும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள்:
சுடலைமுத்து!
சட்டென்று அம்மா தலையைத் திருப்பி
வாசலைப் பார்க்கிறாள்,
மனுசன் எங்கேயாவது நிற்கிறானா என்று.

பிறகு என் முட்டியைப் பார்த்து,
"பைய எந்தி," என்கிறாள்.